நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு ஒரு நிமிட மௌனம்

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு, லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கட்டிலிலிருந்து எழுந்து குளியலறை வரைக்கும் தனியாக நடந்து போனாள். அத்தனை வம்பும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பேச்சு மெதுவாகத் திரும்பிவிட்டது. இடது கால்தான் பிடிவாதம் பிடித்தது. நாற்பது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அங்கே எல்லாரும் ‘புரூஃப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மெக்கானிக்கும் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, ஆனால் ஓரிடத்தில் உட்கார இன்னும் பழகவில்லை. மாடி மாடியாக ஏறி இறங்கின உடம்பு. அவள் படுத்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை; கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார்.

“நீங்க நடக்கிற நடையில பாதியை எனக்குக் குடுத்தா நான் கடைத்தெருவுக்கே போயிட்டு வந்துடுவேன்,” என்பாள் அவள்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்தின் முதியோர் உடல்நலப் பராமரிப்பு ஆய்வுக் குழு அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. குழுவினர் இருநூறு முதியோரைப் பிடித்து, குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை வீட்டுக்கே ஒரு பிசியோதெரபிஸ்டை அனுப்பினார்கள். மீதிப் பாதிக்கு ‘நடப்பது நல்லது’ என்று ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். எதனால் முன்னேற்றம் அதிகம் என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. கண்டுபிடிக்க மூன்று வருஷமும் இருபத்திரண்டு பணியாளர்களும் தேவையாம்.

புரூஃப் அக்காவுக்குக் குலுக்கலில் பிசியோதெரபிஸ்ட் விழுந்தார். கூடவே ஓர் எண்ணும் கிடைத்தது: நூற்றுப் பதினேழு. அந்த பிசியோதெரபிஸ்ட் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, கறார் பேர்வழி. கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு பதினோரு அடி. முதல் மாதம் ஓர் அடி வைக்கவே அக்கா வியர்த்து விறுவிறுத்துப் போனாள். மூன்றாம் மாதம் நான்கு. ஐந்தாம் மாதம் ஏழு, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. இந்தப் பத்தரை மணிக்குத்தான் முதல்முறையாகப் பதினொன்று, தன்னந்தனியாக.

சரியாக அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

“வணக்கம் ஐயா, ஆய்வுக் குழுவுலேருந்து பேசறேன். மாசாந்திரக் கேள்விகள் கேக்கணும். அம்மா இருக்காங்களா?”

மெக்கானிக் காலிக் கட்டிலைப் பார்த்தார். சாத்திய குளியலறைக் கதவைப் பார்த்தார்.

“போயிட்டாம்மா,” என்றார்.

“ஐயோ. எப்போங்க?”

“இப்பத்தான். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. யாரையும் கூப்பிடல, யார் கையையும் பிடிக்கல. தனியாவே போயிட்டா!”

“ரொம்ப வருத்தமா இருக்கு ஐயா.”

அவளோடு பேச முடியாததற்குத்தான் இந்தப் பெண் வருத்தப்படுகிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். “இதுல வருத்தப்பட என்னம்மா இருக்கு? இதுக்குத்தானே இத்தனை மாசமா காத்துக்கிட்டு இருந்தோம்!”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு படபடவென்று கேட்டது.

“கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா ஐயா?”

“கடைசியில லேசாத் தடுமாறினா. அப்புறம் சமாளிச்சுக்கிட்டா.”

“நீங்க இப்ப எப்படி உணர்றீங்க? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க.”

“பத்து!” என்றார் மெக்கானிக். அவர் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது; மூக்கை உறிஞ்சிக்கொண்டார். தொலைபேசிப் பெண் எல்லாவற்றையும் சிரத்தையாகக் குறித்துக்கொண்டாள். அழுகை, உண்டு. நிம்மதி, பத்து.

வெள்ளிக்கிழமை பிசியோதெரபிஸ்ட் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே வெள்ளைப் பூப் போட்ட அட்டை. புரூஃப் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். படித்த வேகத்தில் தலையணைக்கு அடியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

“‘ஆழ்ந்த இரங்கள்’னு போட்டிருக்காங்க. ‘இரங்கல்’. இதுகூடத் தெரியாம ஒரு பல்கலைக்கழகம்.” ஓரத்தில் திருத்தம் எழுதினாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். “ஆமா, யாரு செத்தது?”

மெக்கானிக் அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தார். “நீதான்,” என்றார்.

அட்டையோடு முப்பத்துநான்கு கேள்விகள் கொண்ட ‘துயர் அளவுகோல்’ படிவமும் இருந்தது, மெக்கானிக் நிரப்ப வேண்டியது. ‘இறந்தவரின் குரல் உங்களுக்குக் கேட்பது போல் தோன்றுகிறதா?’ என்பது ஒன்பதாவது கேள்வி. அக்கா அப்போது அவரை, இந்த ஆட்களிடம் போனில் என்னத்தை உளறித் தொலைத்தீர்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் ‘நாள் முழுக்க’ என்ற கட்டத்தில் டிக் செய்தார். அக்கா, திருத்திய அட்டையையும் அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னாள்.

“ரெண்டையும் சேர்த்துத் திருத்திடுவாங்க. எழுத்தையும், என்னையும்,” என்றாள். அவளுக்கு அச்சகங்களைத்தான் தெரியும். ஆய்வுக் குழுக்களைத் தெரியாது.

பத்து நாள் பதில் இல்லை. அக்காவின் முழங்கால் விறைக்க ஆரம்பித்தது. பதினொன்று ஒன்பதாயிற்று. திங்கட்கிழமை காலையில் மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆய்வுக் குழு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. மெக்கானிக் கதவில் காதை வைத்தார், பித்தானை அழுத்தினார், உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து நின்றது. கதவின் மின்தொடர்புப் பட்டையில் அழுக்கு. கைக்குட்டையால் துடைத்தால் ஓடும். அவர் கையை வைக்கப் போன சமயம் படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார், கழுத்தில் நிறுத்துக் கடிகாரத்தோடு.

“தொடாதீங்க சார்! அது பழுது இல்ல. ஆய்வு.”

“லிஃப்ட் ஓடாதது ஆய்வா?”

“எழுபது வயசுக்கு மேல இருக்கறவங்க மூணு மாடி ஏறினா எங்கெங்க நிக்கிறாங்க, எத்தனை நேரம் மூச்சு வாங்கறாங்கன்னு பாக்கறோம். நீங்க எழுபதுக்கு மேலதானே? அருமை. இயல்பா ஏறுங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க.”

மெக்கானிக் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் கடிகாரத்தோடு இல்லாதவர் போல நின்றுகொண்டிருந்தார்.

மேலே ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற பலகைக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருந்தார். காற்றுக்கு வலிக்குமோ என்று பேசுகிற குரல்.

“வாங்க ஐயா. உங்க இழப்பு எங்க இழப்பு.”

“இழப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. என் சம்சாரம் உயிரோட இருக்கா.”

“உங்க மனசுல அவங்க எப்பவும் இருப்பாங்க ஐயா.”

“மனசுல இல்லம்மா, கட்டில்ல இருக்கா!”

ஒருங்கிணைப்பாளர் தாளில் ‘மறுப்பு நிலை’ என்று எழுதினார். “இது துயரத்தோட முதல் கட்டம்தான் ஐயா. மொத்தம் அஞ்சு இருக்கு. அவசரப்படாம வாங்க.”

மெக்கானிக் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா முறைத்துக்கொண்டிருக்கும் படம். ஒருங்கிணைப்பாளர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, முகத்தைக் காட்டாதீங்க! பங்கேற்பாளர் அடையாளம் ரகசியம். எங்களுக்கு அவங்க எண் மட்டும்தான்.”

சரி, முகம் வேண்டாம் என்று மெக்கானிக் வீட்டுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். “யாரும்மா அது என்னைச் சாகடிச்சது?” என்று அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. ஒருங்கிணைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களா ஐயா, எனக்கும் கேக்குது. பணியாளர்களுக்கும் துயரம் இருக்கு. நாங்க அதை ஒத்துக்கிறோம்.”

“அடக் கடவுளே. சரிம்மா, செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். இன்னைக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கான்னு சேத்துக்கோங்களேன். அந்தத் தெரபிஸ்ட் அம்மா வந்தாப் போதும் எனக்கு.”

“ஏற்கனவே பங்கேத்தவங்க மறுபடி சேர முடியாது ஐயா.”

“அவதான் இல்லைன்னு சொல்றீங்களே?”

“இல்லாதவங்களும் சேர முடியாது.”

அதோடு, துயருற்ற குடும்பத்தைத் தொண்ணூறு நாளைக்கு யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நெறிமுறைக் குழு விதி போட்டிருந்தது. மெக்கானிக் தானாக வந்து நிற்பது விதியில் வராது. பிசியோதெரபிஸ்ட் அவர் வீட்டுக்குப் போவதுதான் தொந்தரவு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் புள்ளிவிவரக்காரர் இருந்தார். அவரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

“டேட்டா லாக் ஆயிடுச்சு சார். இனிமே பதிவுல எதையும் மாத்த முடியாது.”

“பூட்டைத் திறங்களேன்.”

“திறந்தா முடிவு மாறிடும். வீட்டுக்கே தெரபிஸ்ட் போன நூறு பேர்ல நாலு மரணம். அந்த நாலு வீட்டுலயும் பராமரிச்சவங்களோட நிம்மதி அளவை வெச்சுத்தான் ஒரு கட்டுரை போட்டோம். மூணு வீட்டுல நிம்மதி ரெண்டு, மூணுன்னுதான் வந்துச்சு. நாலாவது வீட்டுல பத்து. அந்தப் பத்து இல்லைன்னா கட்டுரையே இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அம்மா உயிரோட இருக்கறது தனிப்பட்ட முறையில எனக்கு ரொம்பச் சந்தோஷம் சார். புள்ளிவிவரப்படிதான் கொஞ்சம் சங்கடம்.”

மெக்கானிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அறைக்குள்ளேயே நாலு நடை நடந்தார். சுவரில் பெரிதாக ஒரு சுவரொட்டி. அதில் இரண்டடி உயர எழுத்தில்: ‘இதுக்குத்தானே இத்தனை மாசமா காத்துக்கிட்டு இருந்தோம்!’ கீழே சின்னதாக: ஆண், 71, பராமரிப்பாளர். பின்னணியில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது.

அதை அவர் படித்து முடிப்பதற்குள் குழுவின் இயக்குநர் வந்துவிட்டார். உயரமான, பளபளப்பான பேராசிரியர். யார் என்று புள்ளிவிவரக்காரர் சொன்னதுதான் தாமதம், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“நீங்கதானா அந்த மேற்கோள்! ஐயா, மூணே வாரத்துல, ஆன்லைன்லயே, உங்களை எட்டு நாட்டுல காட்டியிருக்கேன். சிறந்த கட்டுரைக்கான பரிசு கிடைச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாது, நீங்க ஒரு திருப்புமுனை.”

“ஐயா, நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்லீங்க. அவ குளிக்கத்தான் போனா.”

“அர்த்தத்தை நாங்க பாத்துக்கிறோம். அது எங்க வேலை. சொல்றது மட்டும்தான் உங்க வேலை.” இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். “முதியோர் குரலைக் கேக்கறதுதான் இந்தக் குழுவோட மூச்சு. இருபத்தெட்டாம் தேதி எங்க ஆண்டு மாநாடு. ஆய்வுக்கு நிதி கொடுக்கற அறக்கட்டளையோட தலைவி வராங்க. நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும். என்ன பேசணும்னு நாங்களே எழுதித் தந்துடுவோம்.”

“பேசினா, தெரபிஸ்டை அனுப்புவீங்களா?”

“அதைப் பரிசீலிக்கறதுக்கு ஒரு குழு அமைக்கிறதைப் பத்தி, மாநாடு முடிஞ்சதும் கண்டிப்பாப் பேசுவோம்.”

மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிசியோதெரபிஸ்ட் எதிரே வந்தாள். அவரைக் கண்டதும் பொங்கிவிட்டாள். பங்கேற்பாளரை இழந்த பணியாளர் என்று அவளை மூன்று நாள் துயர்ப் பயிலரங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே களிமண்ணில் அக்காவின் இடது காலைச் செய்து, அதற்கு விடைகொடுக்கச் சொன்னார்களாம்.

“சார், அக்கா இப்படிப் பண்ணிட்டாங்களே சார்.”

“உயிரோடதாம்மா இருக்கா. குளிக்கப் போனதை இவங்க இப்படி ஆக்கிட்டாங்க.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “முழங்கால் எப்படி இருக்கு?” என்று கேட்டாள். அந்தக் கட்டடத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அருகில் நின்றவர் கடிகாரத்தை அழுத்தினார்.

“விறைக்குதும்மா. பதினொண்ணு ஒம்போதாயிடுச்சு.”

“விடக்கூடாது சார். மூணு மாசம் விட்டா அப்புறம் அந்தக் கால் திரும்பாது. நான் வந்துடுவேன், ஆனா எங்க போறேன்னு இந்தப் போன் அவங்களுக்குக் காட்டிக் குடுத்துடும். லீவு நாள்லகூடப் பங்கேற்பாளர் வீட்டு வாசல்ல நிக்கமாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது சார்.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். “நீங்களே பண்ணுங்க. இடது பக்கம் நில்லுங்க. கையைப் பிடிக்காதீங்க. இடுப்புக்குப் பின்னால உங்க கை இருக்கட்டும், ஆனா தொடாதீங்க. நீங்க பிடிச்சா அவங்க விட்டுடுவாங்க.”

மெக்கானிக் கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டில் செய்தும் பார்த்தார். ஆனால் அவருக்குத் தொடாமல் நிற்கத் தெரியவில்லை. அக்கா லேசாக ஆடினாலே பாய்ந்து பிடித்துவிடுவார். பிடித்ததும் அவள் கால் துவண்டுவிடும். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்தே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“நான் என்ன லிஃப்டா, கயிறு அறுந்தா விழறதுக்கு?” என்று கத்தினாள் அவள்.

“விழுந்துடுவியோன்னு பயமா இருக்கு இவளே.”

“எனக்கும்தான் பயமா இருக்கு. இப்படியே இந்தக் கட்டில்லயே கிடந்துடுவேனோன்னு. அவங்க எழுதினது மெதுவா நிஜமாயிடுமோன்னு.”

இத்தனை மாதத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. மெக்கானிக் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனுஷன் அசையாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஒன்பது ஆறாயிற்று. ஆறு நான்காயிற்று. இருபத்தாறாம் தேதி அவருடைய ஐந்து நிமிடப் பேச்சு தபாலில் வந்தது. அக்கா சிவப்புப் பேனாவோடு படித்தாள்.

“ஒண்ணரைப் பக்கத்துல பதினேழு ‘நிம்மதி’. இத்தனை நிம்மதி ஒரு மனுஷனுக்கு ஆகாது.” பேனாவை மூடினாள். “நானும் வரேன். என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு நானும் கேக்கணும்.”

மாநாட்டு மண்டபம், நல்லவேளையாக, தரைத்தளம். வாசலில் பெயர் அட்டை கொடுத்தார்கள். மெக்கானிக்குக் கிடைத்த அட்டையில் ‘துயருற்ற பராமரிப்பாளர்’ என்று இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அக்காவின் பெயர் பட்டியலிலேயே இல்லை. மேசைக்காரர் யோசித்து ‘உடன் வந்தவர்’ என்று எழுதிக் கழுத்தில் மாட்டினார். முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக இடம் கிடைத்தது. சுவரோரம் பணியாளர் வரிசையில் நின்றிருந்த பிசியோதெரபிஸ்ட் அக்காவைப் பார்த்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயக்குநர் மேடை ஏறினார்.

“நண்பர்களே! முதியோர் நமக்கு வெறும் தரவு அல்லர். அவர்கள் தரவின் ஊற்று. பத்தாண்டுகளில் நாற்பத்தாறு கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றைக்கூட எந்த முதியவரும் படிக்க நேர்ந்ததில்லை. அந்த அளவுக்கு அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பணியாற்றுகிறோம். நாம் அவர்களுக்காக உழைக்கவில்லை, அவர்களோடு உழைக்கிறோம். அவர்கள் இல்லாதபோதும் உழைக்கிறோம். சொல்லப்போனால், அவர்கள் இல்லாதபோதுதான் வேலை சீராக நடக்கிறது.”

கைதட்டல். முன்வரிசையில் அறக்கட்டளைத் தலைவி தலையசைத்தார்.

“ஆய்வின் நடுவே நம்மை விட்டுப் பிரிந்த பங்கேற்பாளர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம். முடிந்தவர்கள் எழுந்து நிற்கவும்.”

திரையில் வெள்ளைப் பூக்கள் விரிந்தன. ‘ஆழ்ந்த இரங்கள்’ என்று எழுத்து வந்தது. அதன் கீழே எண்கள். கடைசி எண் நூற்றுப் பதினேழு. மண்டபமே எழுந்தது. மெக்கானிக்கும் எழுந்தார். நடைபாதையில் நின்ற தொண்டர் ஒருவர் அக்காவின் காதருகே குனிந்தார்.

“முடிஞ்சா எழுந்து நில்லுங்கம்மா. இறந்தவங்களுக்கு மரியாதை.”

“அப்படியா,” என்றாள் அக்கா. “எனக்கு நான் மரியாதை பண்ணலைன்னா எப்படி?”

நாற்காலியின் கைப்பிடியை அழுத்தினாள். முழங்கால் நடுங்கியது. மெக்கானிக்கின் கை தானாக நீண்டது. தெரபிஸ்ட் சொன்னது ஞாபகம் வர, கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவள் எழுந்து நின்றாள். நின்றவள், நடைபாதையில் வலது காலை வைத்தாள்.

ஒன்று. அந்த மௌனத்தில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு. மூன்று. நான்கு. வீட்டில் நான்கோடு நின்றுவிடும். அவள் ஆடினாள். மெக்கானிக் பாய்வதற்கு முன்னால் சுவரோரத்திலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். பிசியோதெரபிஸ்ட். அவள் அக்காவின் இடது பக்கத்தில் வந்து நின்றாள், இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து, தொடாமல்.

“அஞ்சு,” என்றாள் மெதுவாக. “முட்டியை நீட்டுங்கக்கா. ஆறு. தரையைப் பாக்காதீங்க. ஏழு.”

“மௌனம், மௌனம்,” என்று ஒருங்கிணைப்பாளர் கையை ஆட்டினார். நெறிமுறைப்படி இன்னும் இருபத்தைந்து விநாடி பாக்கி இருந்தது.

எட்டு. ஒன்பது. மெக்கானிக் மூச்சு விட மறந்து பின்னாலேயே நடந்தார். பத்து. பதினொன்று. பதினோராவது அடியில் மேடையின் விளிம்பு கைக்கு எட்டியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை. இயக்குநர் குழம்பிப்போய், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், ஒலிவாங்கியைக் குனிந்து நீட்டினார்.

“நூத்திப் பதினேழு நான்தான்,” என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. “எனக்காக நின்னது போதும். எல்லாரும் உக்காருங்க.”

யாரும் உட்காரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள்.

“‘இரங்கல்’. கார்டுலயே திருத்தி அனுப்பினேனே, யாருமே பிரிச்சுப் பாக்கலையா?”

முதலில் கைதட்டியது அறக்கட்டளைத் தலைவி. அவர் தட்டினால் மண்டபம் தட்டாமல் இருக்குமா? கைதட்டல் ஓய்வதற்குள் இயக்குநருக்கு முகம் தெளிந்துவிட்டது. அவர் சும்மா இயக்குநர் ஆகவில்லை.

“நண்பர்களே! இதைத்தான் சொல்ல வந்தேன்! பயிற்சி தரும் முன்னேற்றம் இறப்போடு நின்றுவிடுவதில்லை என்பதை உலகிலேயே முதல்முறையாக நமது குழு கண்டறிந்திருக்கிறது!”

புள்ளிவிவரக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், இறந்தவர்கள் பிரிவில் நான்கில் ஒருவர் என்றால் இருபத்தைந்து சதவீதம், மோசமில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னார். மெக்கானிக்கின் ஐந்து நிமிடப் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து மனைவியின் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாயிலிருந்து பிசியோதெரபிஸ்ட் மறுபடி வந்தாள். ‘மீள்வருகைக் கட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்து, அறக்கட்டளை மேலும் மூன்று வருஷத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. பரிசு பெற்ற கட்டுரைக்கு ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார்கள்: ‘இப்பங்கேற்பாளரின் மரணம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. எனவே பராமரிப்பாளரின் நிம்மதியும் விலக்கிக்கொள்ளப்படுகிறது.’ லிஃப்ட் இன்னும் ஆய்விலேயே இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“வணக்கம் ஐயா, ஆய்வுக் குழுவுலேருந்து பேசறேன். அம்மா இருக்காங்களா?”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். கட்டில் காலி. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது, அங்கேயும் இல்லை. தெருக்கதவு பாதி திறந்திருந்தது. பால் வாங்கக் கடைக்கு நானே போகிறேன் என்று காலையிலிருந்து மல்லுக்கு நின்றாளே!

“போயி…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “இல்லம்மா. அதாவது இருக்கா. ஆனா இங்க இல்ல. எழுதாதீங்க, எழுதாதீங்க, கொஞ்சம் இருங்க!”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. மெக்கானிக் போனோடு வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் அவள் வந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் தடி, ஒரு கையில் பால் பை, யார் துணையும் இல்லாமல். அவள் வாசல்படி ஏறுகிற வரைக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை.

“போயிட்டு வந்துட்டாம்மா!” என்று போனுக்குள் கத்தினார். “போயிட்டா, ஆனா வந்துட்டா!”

தொலைபேசிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஐயா, படிவத்துல ‘இருக்காங்க’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘போயிட்டாங்க’ன்னு ஒரு கட்டம் இருக்கு. போயிட்டு வந்தவங்களுக்குக் கட்டம் இல்லையே. நான் எங்க எழுதறது?”

புரூஃப் அக்கா பால் பையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனை வாங்கினாள்.

“ஓரத்துல எழுதும்மா,” என்றாள். “திருத்தமெல்லாம் ஓரத்துலதான் எழுதணும்.”